கவர் இல்லாமல் திறந்த பைல்

டிடிபி கடையில் பத்து வருஷம் குப்பை கொட்டியவன் கோயிலில் கண்ணை மூடிக் கும்பிட்டாலும், அவன் இடது கைச் சுண்டுவிரல் கன்ட்ரோல் பட்டனைத் தேடிக்கொண்டுதான் இருக்கும். சேவ் பண்ணாமல் போன பைல், சேவ் பண்ணியே கெட்டுப்போன பைல் என்று நம் தொழிலில் துயரம் இரண்டே வகை. முதல் வகைக்குக் கரண்டுக்காரர்களைத் திட்டி ஆற்றிக்கொள்ளலாம். இரண்டாவது வகைக்குத் திட்ட ஆள் வேண்டுமென்றால் கண்ணாடி முன்னால்தான் போய் நிற்க வேண்டும். இதைப் படிக்கிற சக ஆபரேட்டர்களே, நான் சொல்லப் போவது எல்லாம் இரண்டாவது வகை.

நான் வேலை பார்த்த கடை ராமநாதபுரத்தில், ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி, பள்ளிக்கூட மலர் என்று எதையும் விடமாட்டோம். முதலாளி சண்முகம் சார், ஆபரேட்டர் பாண்டி என்கிற நான். கீழக்கரையில் எங்களுக்கு ஒரு கிளை உண்டு. அங்கே ஒரு கம்ப்யூட்டர், ஒரு நாற்காலி, அதில் அந்த ஊர்ப் பெண் ஜெசீமா. அவளை வேலைக்கு அனுப்ப வீட்டில் லேசில் சம்மதிக்கவில்லை. அவளால் ஊரில் ஒரு பேச்சு வந்தாலும் அன்றோடு வீட்டில் உட்கார வேண்டும் என்ற கண்டிஷனில்தான் அவள் வாப்பா விட்டார். அந்த நாற்காலி அவளுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் நான் செய்ததைச் செய்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பைனல், புது பைனல், இதான் பைனல்

இன்டர்நெட்டில் ஒரு படம் இறங்குவதற்குள் டீ ஆறிப்போகிற காலம் அது. அதனால் எல்லா பைலுக்கும் சார் மிஷினில் ஒரு காப்பி, என் மிஷினில் ஒரு காப்பி, கீழக்கரையில் ஒரு காப்பி இருக்கும். எது புதுசு என்று தெரிவதற்காகப் பெயருக்குப் பின்னால் 'பைனல்' போடுவோம். அதைத் திருத்தினால் 'புது பைனல்', அதையும் திருத்தினால் 'இதான் பைனல்'. உங்கள் கடையிலும் இதே கதைதான் என்று எனக்குத் தெரியும், சிரிக்க வேண்டாம்.

திருவாடானைப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து ஒரு விவசாயி கோயில் திருவிழா நோட்டீஸ் கொண்டுவந்தார். எந்த நாள் மண்டகப்படி எந்தக் குடும்பம் என்ற பட்டியலில் அவர் அப்பா பெயர் விட்டுப்போயிருந்தது. என் மிஷினில் சேர்த்தேன். அதே நேரம் சார் தன் மிஷினில் இருந்த காப்பியைத் திறந்து அம்மன் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினார். இரண்டுக்கும் ஒரே பெயர். பிளாப்பியில் முதலில் நான் ஏற்றினேன், அதற்கு மேல் அவர் ஏற்றினார். அம்மன் பெரிதாக வந்தாள், அந்த அப்பா வரவில்லை. நோட்டீஸ் கட்டைப் பிரித்துப் பார்த்த மனிதர் கத்தவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். நானும் அந்தப் பக்கத்துக்காரன்தான், எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவர் சொன்னது:

"ஏலே தம்பி, எங்க அய்யா பேர மூணு தடவ எழுதிக் குடுத்தேன். எழுத ஒரு மிசினு, அழிக்க ஒரு மிசினுன்னு தனித்தனியா வச்சிருக்கியளா?"

வெட்டி ஒட்ட முடியாதது

ஒரு பள்ளிக்கூட ஆண்டு மலருக்கு ஜெசீமா கீழக்கரையில் இருந்துகொண்டு பெயர்ப் பிழைகளைத் திருத்தினாள். அதே பைலை நான் இங்கே வைத்துப் போட்டோக்களை மாற்றினேன். இருவருக்கும் வேலை முடிந்தபோது கையில் இரண்டு பைல். ஒன்றில் பெயர் சரி, படம் தப்பு. மற்றதில் படம் சரி, பெயர் தப்பு.

சண்முகம் சார் பழைய அச்சகத்து ஆள், எழுத்துக் கோத்துப் பழகியவர். "ரெண்டுலயும் நல்லது எதுவோ அத எடுத்துச் சேத்துருங்க" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டார். நானும் டிசைன் பைலை நோட்பேடில் திறந்து காட்டினேன். கட்டமும் கோடும் புள்ளியுமாகத் திரை முழுக்க என்னவோ நெளிந்தது. அதில் எங்கே பெயர், எங்கே படம் என்று அதைச் செய்த கம்பெனிக்காரனுக்கே தெரியாது. இரண்டில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவருடைய ஒரு நாள் வேலையைத் தூக்கிப் போட வேண்டியதுதான். சார் நம்பாமல் கீழக்கரைக்கு போன் போட்டுக் கேட்டார். ஜெசீமா சொன்னாள்:

"சார், கடுதாசின்னா ஆளுக்குப் பாதி எழுதி ஒட்டிரலாம். இது போட்டோ மாதிரி. எம்மூஞ்சியில பாதியும் பாண்டியண்ணே மூஞ்சியில பாதியும் ஒட்டுனா மூணாவதா ஒரு ஆளுதான் வருவாரு, அவர யாருக்கும் தெரியாது."

திருப்பாலைக்குடிக்காரர் கேட்ட கேள்வி

திருப்பாலைக்குடியிலிருந்து ஒரு மீனவர் அவர்கள் சங்கத்துக்குக் காலண்டர் போட வந்தார். கட்டம் போடுவதில் ஜெசீமா கெட்டிக்காரி என்பதால் தேதி வேலை அவளுக்கு, படகுப் படம் எனக்கு. வழக்கம்போல நான் கடைசியில் ஏற்றிய காப்பி அவளுடையதைத் தின்றுவிட்டது. காலண்டரில் படகு அருமையாக இருந்தது. தேதிக் கட்டம் மட்டும் போன வருஷத்தது, அமாவாசையும் போன வருஷத்து அமாவாசை.

கடலுக்குப் போகிறவருக்கு அமாவாசை தப்பினால் எப்படி இருக்கும்? நான் அவரிடம் நடந்ததை விளக்கினேன். இரண்டு இடம், இரண்டு காப்பி, ஒரே நேரத்தில் இரண்டு பேர் கை வைத்தால் ஒருவர் வேலை போய்விடும் என்று ஏதோ பெரிய விஞ்ஞானம் மாதிரிச் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு சொன்னார்:

"எங்க கடல்ல விசைப்படகுக்கு ஒரு நாளு, நாட்டுப்படகுக்கு ஒரு நாளு. ரெண்டும் ஒரே நாளு எறங்குனா எங்க வலை கந்தலாயிரும். அம்புட்டுப் பெரிய கடலுக்கே மொற வச்சிருக்கோம், நாலு செவுத்துக்குள்ள ஒக்காந்திருக்க ஒங்களுக்கு ஒரு மொற கெடையாதாக்கும்?"

கவர் சட்டம்

அவர் சொன்னதை ஜெசீமாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. மறுநாள் போனில் வந்தாள். நாள் முறை நமக்குச் சரிவராது, வாடிக்கையாளர் எந்த நாளிலும் வருவார். ஆனால் ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு காக்கிக் கவர் இருக்கிறது, அதில் அவர்கள் கைப்பட எழுதிக் கொடுத்த தாள் இருக்கிறது, பைலுக்கு எத்தனை காப்பி வேண்டுமானாலும் இருக்கலாம், கவர் ஒன்றுதான் என்றாள். கவர் யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும் பைலைத் திருத்தலாம். மற்றவர் திறந்து பார்க்கலாம், கை வைக்கக் கூடாது. கவரைக் கைமாற்றும்போது கடைசியாகத் திருத்திய பைலும் கூடவே போக வேண்டும், வாங்கியவர் தன்னிடம் உள்ள பழைய காப்பியை ஒதுக்கி வைத்துவிட வேண்டும். திருத்தியவர் கவர் மேல் தன் பெயரும் தேதியும் எழுத வேண்டும்.

சண்முகம் சாருக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. 'கவர் சட்டம்' என்று பெயர் வைத்து, பேப்பரில் அடித்துச் சுவரில் ஒட்டினார். கண்டுபிடித்தவள் பெயரை அதில் போடவில்லை, நானும் நினைவுபடுத்தவில்லை. கீழக்கரை பஸ்ஸில் தினமும் கவர்கள் போய்வர ஆரம்பித்தன. உள்ளே பென்டிரைவ், வெளியே எங்கள் கையெழுத்து. ஒன்றரை வருஷம் ஒரு பைல்கூட ஒன்றை ஒன்று தின்னவில்லை. அந்த வழித்தடத்துக் கண்டக்டருக்குத்தான் பொறுக்கவில்லை:

"டிரைவர் மாறிட்டாரு, வண்டி மாறிருச்சு, இந்தக் காக்கிக் கவரு மட்டும் தெனம் ஏறி எறங்குது. ஒங்க ரெண்டு பேருக்குள்ள அப்பிடி என்னதான்யா கேஸு நடக்குது?"

பெருநாள் லீவும் பூட்டிய கவரும்

நல்ல சட்டத்திலும் ஒரு இடைஞ்சல் வரும். கவரை வைத்திருப்பவர் லீவில் போனால் என்ன செய்வது? நோன்புப் பெருநாளுக்குக் கிளை மூன்று நாள் மூடல். ஒரு தலைமையாசிரியர் ஆண்டுவிழா அழைப்பிதழில் சிறப்பு விருந்தினரே மாறிவிட்டார் என்று வந்து நிற்கிறார். கவர் ஜெசீமாவிடம். என் மிஷினில் பைல் இருக்கிறது. திறந்து மாற்ற ஐந்து நிமிஷம் போதும். அன்றைக்கு நான் யோக்கியன். பஸ் ஏறிக் கீழக்கரைக்குப் போய், விசாரித்து, அவள் வீட்டு வாசலில் நின்றேன்.

அவள் வாப்பா வந்தார். வெள்ளைச் சட்டை, அளந்து பேசுகிற மனிதர். கடைப் பூட்டு சரியில்லை என்று எல்லாக் கவரையும் அவள் வீட்டுக்கே கொண்டுவந்து அலமாரியில் வைத்திருக்கிறாள். அவர் உள்ளே போய் எடுத்துவந்து, மேலே எழுதியிருந்த பெயரை ஒரு தடவை படித்துப் பார்த்து, என்னிடம் கொடுத்தார். வட்டலப்பம் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று உட்காரவும் வைத்தார். நான் எழுந்து கிளம்பும்போது சொன்னார்:

"மூணு நாளா அந்த அலமாரிப் பக்கம் சின்னப் புள்ளைகள அண்ட விடல தம்பி. ஒரு பேச்சு வந்தா அன்னைக்கே நிப்பாட்டிருவேன்னு சொல்லித்தான் அனுப்புறேன். அது அவளுக்கு நல்லாத் தெரியும், ஒங்களுக்கும் தெரிஞ்சிருக்கட்டும்."

மர்ஹூம்

இனிமேல் சிரிக்க எனக்கு ஒன்றும் இல்லை. கீழக்கரைக் குடும்பம் ஒன்றின் நிக்காஹ் அழைப்பிதழ். மணப்பெண்ணின் அப்பா துபாயில் இருக்கிறார். தாத்தா காலமாகிவிட்டார். காலமானவர் பெயருக்கு முன்னால் நம் பத்திரிகைகளில் 'தெய்வத்திரு' போடுவது போல அவர்கள் 'மர்ஹூம்' போடுவார்கள். முதலில் டைப் செய்த நான் தாத்தாவுக்குப் போட்டதோடு நிற்காமல், துபாயில் இருக்கிற அப்பாவுக்கும் போட்டுவிட்டேன். கவரும் பைலும் கீழக்கரைக்குப் போயின. ஜெசீமா முதல் பார்வையிலேயே பிடித்து, பென்டிரைவில் இருந்த பைலிலேயே சரிசெய்து, பிரிண்ட் எடுத்துப் பெண்ணின் சாச்சாவிடம், அதாவது சித்தப்பாவிடம், கையெழுத்து வாங்கினாள். அவர் தேதியை மட்டும் பார்த்துவிட்டுப் போட்டாராம். பஸ் ஏற்றுகிறேன் என்று எனக்கு போனும் பண்ணினாள். திருத்தம் என்ன என்று நான் கேட்கவில்லை.

அதற்குள் பெண்ணின் மாமா ஜவுளி எடுக்க ராமநாதபுரம் வந்தவர் எங்கள் மாடி ஏறிவிட்டார். கார்டில் சிவப்புப் பூ வேண்டாம், பச்சைப் பூ வேண்டும். கவர் பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறது. வரட்டும் என்று சொல்லியிருக்கலாம். அவரோ ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு நின்றார். நான் என்னிடமிருந்த பழைய காப்பியைத் திறந்து பூவைப் பச்சையாக்கினேன். அவர் மகிழ்ச்சியாகப் போனார். ஒரு மணி நேரத்தில் கவர் வந்தது. பென்டிரைவைச் சொருகினால், அவள் பைலில் பூ சிவப்பு. அதில் பூவை மாற்ற இரண்டு நிமிஷம் ஆகும். அவள் என்ன பெரிதாகத் திருத்தியிருக்கப் போகிறாள், ஒரு கால், ஒரு புள்ளியாக இருக்கும், டைப் அடித்தவன் நான்தானே என்று என் புத்தி சொன்னது. அச்சுக்கு அனுப்ப என் பச்சைப் பூக் காப்பியைப் பென்டிரைவில் ஏற்றினேன், இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு பைல் இருக்கிறது, அதன் மேல் ஏற்றவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. ஆமாம் என்றேன். பென்டிரைவில் இருந்த அவள் பைலும் போயிற்று.

கார்டு அச்சாகிக் கீழக்கரைக்குப் போய் வீடு வீடாகக் கொடுக்கப்பட்டது. மறுநாளே கல்யாண வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பெண்ணின் அம்மா வெலவெலத்துப்போய்த் துபாய்க்கு போன் போட்டிருக்கிறார்கள். அவர் அங்கிருந்து எங்கள் கடைக்கு போன் போட்டார். எடுத்தது நான். கோபமே இல்லாத குரலில் சொன்னார்:

"தம்பி, நான் மவுத்தானது எனக்கே தெரியாது. எப்ப அடக்கம்னு மட்டும் சொல்லுங்க, லீவு போட்டு வந்துர்றேன்."

கவருக்குள் இருந்த தாள்

போனை வைத்த பிறகுதான் கவருக்குள் இருந்த தாள்களைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே ஜெசீமா எடுத்த பிரிண்ட் மடித்து இருந்தது. பெண்ணின் அப்பா பெயருக்கு முன்னால் மர்ஹூம் இல்லை. ஓரத்தில் அவள் கையெழுத்தில், 'இவர் ஹயாத்தோடு இருக்கிறார், எடுத்துவிட்டேன்' என்று இருந்தது, ஹயாத் என்றால் உயிர். கீழே சாச்சாவின் கையெழுத்து. அந்தத் தாளில் பூ சிவப்பு. அச்சான கார்டில் பூ பச்சை. சார் அந்தத் தாளைப் பார்த்தால், அவளுக்குப் பிறகு ஒருவன் பைலில் கை வைத்திருக்கிறான் என்பது உடனே விளங்கிவிடும். நான் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். யோசித்தெல்லாம் செய்யவில்லை. ஆனால் யாரும் என் கையைப் பிடித்துச் செய்ய வைக்கவும் இல்லை.

சார் வந்தார். கவரைப் பார்த்தார். மேலே கடைசிப் பெயர் ஜெசீமா. பென்டிரைவைப் போட்டுப் பார்த்தார். மர்ஹூம் இருந்தது. கவர் சட்டப்படி தப்பு அவளுடையது. அவள் கண்டுபிடித்த சட்டம் அவள் கழுத்துக்கே வந்து நின்றது. சார் அவளுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அவள் பதறாமல், "பாண்டியண்ணே, கவருக்குள்ள நான் கையெழுத்து வாங்குன ப்ரூப் இருக்கும், எடுத்துப் பாருங்க" என்றாள். நான் கவருக்குள் கைவிட்டுத் துழாவினேன். சார் பார்க்கத் துழாவினேன். "அப்படி ஒன்னும் இல்லையேம்மா" என்றேன். மேஜை டிராயரைத் திறந்து தேடுகிற சத்தம் போனில் கேட்டது. பிறகு சொன்னாள்:

"நீங்க இல்லன்னா இல்லதாண்ணே. அப்ப நாந்தான் வைக்க மறந்துட்டேன் போல."

சாவி

அந்த வாரமே அவள் வாப்பா எங்கள் மாடி ஏறி வந்தார். கிளைச் சாவியையும் மீதிக் கவர்களையும் மேஜையில் வைத்தார். சார்கூடக் கொஞ்சம் இளகி, கார்டெல்லாம் மாற்றி அடித்துக் கொடுத்தாகிவிட்டது, வேலைக்கு வரட்டும் என்றார். அவர் தலையை ஆட்டி மறுத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் கவர்களை எண்ணுவது போலக் குனிந்துகொண்டேன். அவர் சொன்னார்:

"ரெண்டு நாளா அவ சோறு திங்கல. வேல போனதுக்கு இல்ல, எப்பிடித் தப்பு வந்துச்சுன்னு வெளங்கலன்னு அழுவுறா."

உதாரண புருஷன்

நான் சொல்லியிருக்க வேண்டிய நாட்கள் வரிசையாகப் போயின. முதல் நாள் பயம். இரண்டாம் நாள், நேற்றே சொல்லாததற்குக் காரணம் கேட்பார்களே என்ற பயம். ஒரு மாதம் ஆனபோது, இனிமேல் சொன்னால் தப்பு செய்தவன் என்பதைவிட மறைத்தவன் என்ற பெயர்தான் பெரிதாக நிற்கும் என்று பட்டது. வீட்டில் சட்டை துவைக்கப் போடும்போதெல்லாம் அந்தத் தாளை எடுத்துப் பீரோவில் வைப்பேன், மறுநாள் திரும்பச் சட்டைக்குள் வைப்பேன். கிழித்துப் போட ஏனோ கை வரவில்லை. அதற்குக்கூட ஒரு துணிச்சல் வேண்டும் போல.

கடைக்கு யார் புதிதாக வேலைக்கு வந்தாலும் சண்முகம் சார் அவர்களைச் சுவர் முன்னால் நிறுத்திக் கவர் சட்டத்தை விளக்குவார். பிறகு அதை மீறிய ஒரு கீழக்கரைப் பெண்ணின் கதையைச் சொல்வார். கதை ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வளரும். மூன்றாவது ஆள் வந்தபோது அவள் அலட்சியக்காரி, வேலை நேரத்தில் போன் பேசுகிறவள் என்றெல்லாம் ஆகியிருந்தாள். நான் பக்கத்தில் தலையை ஆட்டிக்கொண்டு நிற்பேன். கடைசியில் சார் என் தோளைத் தட்டிச் சொல்வார்:

"இந்தா இருக்கானே பாண்டி, கவரு இல்லாம அந்த ஆண்டவனே வந்து கேட்டாலும் இவன் பைலத் தொறக்க மாட்டான்."

முதலாளியிடம்

மூன்றாவது தட்டல் தாங்கவில்லை. வந்த புதுப் பையனை டீ வாங்க அனுப்பிவிட்டுத் தாளைச் சார் மேஜையில் விரித்தேன். பூவைக் காட்டினேன், எல்லாவற்றையும் சொன்னேன். எட்டு மாதம் கழித்துத்தான் சொல்கிறேன் என்பதையும் சொன்னேன். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகத்தில் வந்தது கோபம் இல்லை, எரிச்சல். முடித்துக் கட்டிவைத்த ஒரு வேலையைத் திரும்பப் பிரிக்கச் சொன்னால் வருகிற எரிச்சல்.

"இப்பச் சொல்லி என்னலே செய்ய? அந்தச் சீட்டுல என் மச்சினன் மக ஒக்காந்திருக்கா. தாள மடிச்சு உள்ள வையி, வெளிய யாருகிட்டயும் மூச்சு விட்றாத."

ஜெசீமா வீட்டு வாசலில்

மறுநாள் வேலைக்குப் போகவில்லை. கீழக்கரை பஸ்ஸில் ஏறினேன். அதே கண்டக்டர், கையில் கவர் எங்கே என்று கேட்டார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஊர் எல்லை வரைக்கும், இறங்கித் திரும்பிவிடலாமா என்ற நினைப்பு ஓடிக்கொண்டே இருந்தது.

அவள் வாப்பா தாளை வாங்கி நிதானமாகப் படித்தார். நான் நின்றுகொண்டே சொல்லி முடித்தேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. அவர் தாளை இன்னொரு தடவை படித்தார். பிறகு, தன் மகளைத் தானும் நம்பவில்லை, எட்டு மாதமாக வீட்டில் அவளிடம் சரியாகப் பேசவில்லை என்றார். அதைக் கேட்டு நான் அழுதுவிட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால் அவர் எழுந்து நிற்கிறார், முகத்தில் ஒரு வேகம். என்னிடம் கேட்டார்:

"ஒரு பேச்சு வந்தா நிப்பாட்டுவேன்னு சொன்னவன் நாந்தான். அந்தப் பேச்சு அவளால வந்தது இல்லன்னா, நாளைக்கே அனுப்புறேன். நாற்காலி இருக்கா தம்பி?"

இல்லை என்று நான் சொன்னபோது ஜெசீமா உள்வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எட்டு மாதத்தில் இளைத்திருந்தாள். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கியதும் கையைக் காட்டி நிறுத்தினாள். தாளை வாப்பாவிடமிருந்து வாங்கி, தன் கையெழுத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அவள் திட்டினால் வாங்கிக்கொள்ளத்தான் வந்திருந்தேன். வேலைச் சந்தேகம் கேட்கிறவள் மாதிரிதான் கேட்டாள்:

"சாவி குடுத்ததுக்கு அப்புறம்தாண்ணே அந்தக் கார்டு என் கண்ணுல பட்டுச்சு. பூ பச்சையா இருந்தப்பவே வெளங்கிருச்சு, நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன். எங்க வாப்பாட்ட காட்டிட்டீங்க, சரி. கார்டு போன வீட்டுக்கெல்லாம் இத யாரு காட்டுறது?"

வீடு வீடாக

நானே காட்டுகிறேன் என்றேன். கல்யாண வீட்டில் கேட்டுக் கார்டு போன வீடுகளைக் குறித்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் பஸ் ஏறிப் போனேன். ஒவ்வொரு வாசலிலும் தாளையும் கார்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 'தப்பு ஜெசீமாவுடையது இல்லை, என்னுடையது, அதை மறைத்ததும் நான்தான்' என்று சொன்னேன். முதல் வீட்டில் பாதியில் நிறுத்தி மறுபடி ஆரம்பித்தேன். ஐந்தாவது வீட்டில் பழகிவிட்டது. பழகிவிட்டதே என்று அதற்கும் வெட்கப்பட்டேன்.

ஒருத்தரும் என்னைத் திட்டவில்லை. சில வீடுகளில் அந்தப் பெண்ணுக்குப் பாவம் என்று ஒரு வரி சொன்னார்கள். மற்ற நேரமெல்லாம் என்னைப் பற்றித்தான் பேச்சு. சர்பத் கொடுத்தார்கள். ஊரில் இன்னாரைப் போய்ப் பாருங்கள், அவர்களும் அழைப்பிதழுக்கு ஆள் தேடுகிறார்கள் என்றார்கள். கடைசியில், கார்டில் மவுத்தான அந்த துபாய்க்காரரையே பார்க்க மறுபடி கல்யாண வீட்டுக்குப் போனேன், அப்போதுதான் லீவில் வந்திருந்தார். நான் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்:

"வீடு தேடி வந்து தப்ப ஒத்துக்கிற ஆள இந்தக் காலத்துல எங்க பாக்குறது? எங்க சின்னவ நிக்காஹ் கார்டு ஒங்க கையாலதான், இன்ஷா அல்லாஹ்."

ஆக, செய்த தப்பை வீடு வீடாகச் சொல்லி முடித்தபோது கீழக்கரையில் எனக்கு யோக்கியன் என்ற பெயரும் நாலு கல்யாண ஆர்டரும் சேர்ந்திருந்தன, தப்பே செய்யாத ஜெசீமாவுக்கு அந்த ஒரு நாற்காலி மட்டும் கடைசிவரை திரும்பக் கிடைக்கவில்லை.